தேன்காட்டிப் பறவைக்குப் பயிற்சி கொடுத்தது யார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வயது 47. துவாஸில் இரவு வேலை. தொலைக்கல்வியில் விலங்கு நடத்தை படிக்கிறேன். ‘ஆப்பிரிக்காவில் தேன் எடுப்பவர்கள் தேன்காட்டிப் பறவைக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள்’ என்று எழுதியதற்கு ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பாடக் காணொளியை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? 40 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையை இதற்குப் பயன்படுத்தலாமா?

மு., உட்லண்ட்ஸ்

அன்புள்ள மு.,

இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து பாடத்தைத் திறக்கிற நீங்கள் வயதைப் பற்றிக் கேட்கவே கூடாது. அந்த 4,000 வெள்ளி, தேர்ந்தெடுத்த பாடங்களுக்கு மட்டும்தான். பணம் கட்டுமுன் உங்கள் பாடம் பட்டியலில் உண்டா என்று ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பாருங்கள்.

மதிப்பெண்ணைக் குறைத்தது சரிதான். தேன் எடுப்பவர்கள் அந்தப் பறவையைக் கூண்டில் வைப்பதில்லை, வளர்ப்பதும் இல்லை. அது காட்டுப் பறவை. தேன்மெழுகு அதற்குச் செரிக்கும். ஆனால் மரப்பொந்தைப் பிளக்கவோ தேனீக்களை அடக்கவோ முடியாது. அதனால் மனிதனிடம் வந்து படபடவென்று கத்தி, மரத்துக்கு மரம் தாவித் தேன்கூட்டுக்கு வழிகாட்டுகிறது. மொசாம்பிக்கின் நியாசா காட்டில் யாவோ மக்கள் காய்ந்த விறகைப் பச்சை இலையில் சுற்றிக் கொளுத்தி, நீண்ட கழியில் உயர்த்திப் புகை காட்டுவார்கள். பிறகு கோடரியால் மரத்தை வெட்டித் தேனடையை எடுத்துக்கொண்டு, பறவைக்கான மெழுகை இலைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். இதைப் பார்த்துத்தான் பயிற்சி என்று நினைத்துவிட்டீர்கள். தான்சானியாவின் ஹட்ஸா மக்களோ மெழுகைப் பல சமயம் புதைத்தோ எரித்தோ விடுகிறார்கள், பறவை பசியோடு இருந்தால் மறுபடியும் வழிகாட்டும் என்று. பயிற்சி கொடுப்பவன் கூலியை ஒளித்து வைப்பானா?

காணொளியை மூன்று தடவை பார்த்தேன் என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். மூன்றாவது தடவை எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அந்தத் தெரிந்த உணர்வுதான் ஏமாற்றும். ஒரு தடவை பாருங்கள், மூடுங்கள், வெற்றுத்தாளில் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதுங்கள். எழுத வராத இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். மறுநாள் எம்ஆர்டியில், தாளைப் பார்க்காமல் மறுபடியும் சொல்லிப் பாருங்கள். இரவு வேலை முடிந்த கையோடு வேண்டாம். தூங்கி எழுந்து செய்யுங்கள்.

ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது முடிவுக்குத் தாவாதீர்கள். எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் தேடுங்கள். 2016இல் பறவை ஆய்வாளர் கிளேர் ஸ்பாட்டிஸ்வுட்டின் குழு நியாசாவில் மூன்று ஒலிகளை ஒலிக்கவிட்டபடி நடந்தது: யாவோ மக்கள் தேனெடுக்கப் போகும்போது எழுப்பும் ‘பிர்ர்-ஹ்ம்’, மனிதனின் வேறு ஒலி, வேறொரு விலங்கின் ஒலி. முதல் ஒலிக்குத் தேன்கூடு கிடைக்கும் வாய்ப்பு 54 விழுக்காடு, மற்றவற்றுக்கு 16. மற்ற இரண்டும் இல்லாவிட்டால், மனிதச் சத்தம் எதைக் கேட்டாலும் பறவை வந்திருக்கும் என்று ஒருவர் சொல்லிவிட முடியும். ஒப்பிட வைத்த இந்த இரண்டு ஒலிகளையும் நீங்கள் கட்டுரையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்றால், இன்னும் குறைத்திருக்க வேண்டும்.

2023இல் அதே ஆய்வாளர் பிரயன் வுட்டோடு சேர்ந்து இன்னொன்றும் காட்டினார். நியாசாப் பறவைகள் யாவோ ஒலிக்கு, ஹட்ஸா மக்கள் தேனெடுக்கப் போகும்போது அடிக்கும் சீழ்க்கையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இணங்குகின்றன. ஹட்ஸா பகுதியில் நேர்மாறு: அங்கே சீழ்க்கைக்கு மூன்று மடங்குக்கும் மேல். இந்தப் பறவையோ குயிலைப்போல் அயல்கூட்டில் முட்டையிடும். குஞ்சு கொக்கி அலகால் அந்தக் கூட்டின் குஞ்சுகளைக் கொன்றுவிட்டு வளரும். பெற்றோரிடம் எதையும் கற்க வழியில்லை. அப்படியானால் ஊருக்கு ஊர் மாறும் ஒலியை அது யாரிடம் கற்கிறது? இந்தக் கேள்வியை உங்கள் ஆசிரியருக்கு இந்த வாரமே எழுதி அனுப்புங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம்.