வெளியே தெரியாத துயரம், ஒரு கிதார், ஓர் அறை: கேள்வி பதில்

கிதாரும் ஒற்றைக் குரலும் மட்டுமே கொண்ட பாடல்களைப் பல ஆண்டுகளாகப் படுக்கையறையில் வைத்தே பதிவு செய்து வருகிறேன். பிறர் கண்ணுக்குத் தெரியாமல் ஒருவர் சுமக்கும் துயரத்தைச் சொந்தப் பாடலாக எழுதி வீட்டிலேயே பதிவு செய்வது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எனக்கு ஆர்வமுள்ள கேள்விக்குப் பதில் நீளும், மற்றவற்றுக்கு நீளாது. ஒரே ஒரு வேண்டுகோள்: மேலே பதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டிலிருக்கும் நோயாளி ஒருவரைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் பெண்ணைப் பற்றி எழுத விரும்புகிறேன். வெளியே பார்ப்பவர்களுக்கு அவர் மிகச் சாதாரணமாகத் தெரிகிறார். எழுத உட்கார்ந்தால் வலி, கண்ணீர், இருள் என்ற சொற்களே வந்து நிற்கின்றன. என்ன செய்வது?

அந்த மூன்று சொற்களையும் முதல் வரைவு முடியும்வரை விலக்கி வையுங்கள். அவை துயரத்துக்கு நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டுகள். சீட்டைப் படித்தவருக்கு உள்ளே இருப்பதைப் பார்க்கத் தோன்றாது. தவிர, உங்கள் பாடலின் நாயகி தன் துயரத்தை மறைத்து வாழ்பவர். அவர் மறைப்பதைப் பாடல் உரக்க அறிவித்துவிட்டால், அவரை அவராக்கும் குணமே பாடலிலிருந்து போய்விடும். எனவே ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அவருடைய கைகள் என்ன செய்கின்றன என்று மட்டும் எழுதிப் பாருங்கள். இரவு 2 மணிக்கு வைத்த அலாரம் அடிப்பதற்கு முன்பே அதை அணைத்துவிடுகிறார். ஏழு அறைகள் கொண்ட மருந்துப் பெட்டியை நிரப்பும்போதுதான் ஒரு வாரம் போய்விட்டது என்று தெரிகிறது. தொலைபேசி ஒலித்தால், 'குரலைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறாள்.' இந்த வரியில் கண்ணீர் என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பல்லவிக்கு ஒரு யோசனை சொல்கிறேன். அவர் எல்லோரிடமும் சொல்லும் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்ற பதிலையே பல்லவியாக வையுங்கள். ஒவ்வொரு சரணமும் முடிந்து அதே சொற்கள் திரும்பும்போது கேட்பவர் அவற்றை நம்புவது சற்றுக் குறைய வேண்டும். மூன்றாவது முறை அறவே நம்பக்கூடாது. சொல்லையும் மெட்டையும் மாற்றாமல், அடியிலிருக்கும் கார்டை (கிதாரில் சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டத்தை) மட்டும் மாற்றினாலே இதில் பாதி வேலை முடிந்துவிடும். ஸி மேஜருக்கும் ஏ மைனருக்கும் ஸி, ஈ என்ற இரண்டு சுரங்கள் பொதுவானவை. பல்லவி அவற்றில் ஒன்றில் வந்து நின்றால், முதல் இரண்டு முறை ஸி மேஜரையும் கடைசி முறை ஏ மைனரையும் வாசியுங்கள். அவர் குரல் மாறாமலே இருக்கும், காலடியில் நிலம் மட்டும் நழுவும்.

கேள்வி: எனக்கு மெட்டு முதலில் வந்துவிட்டது. சொற்களைப் பொருத்தினால் எங்கோ இடறுகிறது. எண்ணிப் பார்த்தால் எழுத்துகள் சரியாகவே உள்ளன.

எழுத்தை எண்ணுவது போதாது, மாத்திரையை எண்ண வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நீண்ட சுரத்தில் குறிலை வைத்து இழுத்தால் இசை கெடுவதோடு சொல்லும் வேறாகிவிடுகிறது: விடு வீடாகும், படு பாடாகும். நான் ஒருமுறை 'மனம் போனது' என்று தொடங்கும் வரியின் முதல் எழுத்தை இரண்டு தாளம் இழுத்துப் பாடி, அதைக் கேட்டவர் ஒருவர், 'உங்களுக்கு மானம் போகும்படி என்ன நடந்தது?' என்று அக்கறையோடு விசாரித்தார். நீண்ட சுரம் வரும் இடத்தில் நெடிலை வையுங்கள். கிடைக்காவிட்டால் ம், ன், ல், ர் போன்ற மெய்யில் முடியும் அசையை வைத்து அந்த மெய்யில் குரலை நிறுத்துங்கள். மெல்லினமும் இடையினமும் நீளும். க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் குரலை நிறுத்திவைக்க முடியாது; ஆனால் ஒரு வரியைச் சட்டென்று வெட்டி முடிக்க அவற்றை விஞ்ச எதுவும் இல்லை.

கேள்வி: எந்த மைக் வாங்குவது?

அறையைக் கவனித்த பிறகு வாங்குங்கள். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஓசைக்குப் பின்னால் கம்பி அதிர்வதைப் போன்ற வால் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்புகிறது என்று பொருள். மெத்தை, தடித்த போர்வை, துணிகள் நிறைந்த திறந்த அலமாரி ஆகியவற்றுக்கு அருகில் உட்கார்ந்தால் அது பெருமளவு அடங்கும். அமைதியான அறை என்றால் கண்டென்சர் மைக் கிதாரின் நுணுக்கத்தை நன்றாகப் பிடிக்கும். அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரத்தை இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) தர வேண்டியிருக்கும். தெருச் சத்தமும் மின்விசிறியும் தவிர்க்க முடியாதவை என்றால், டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாடுவது மேல். கைப்பேசி மட்டுமே இருந்தாலும் தொடங்கலாம், அதில் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: என் கிதார் பதிவில் 'தும் தும்' என்று மட்டுமே கேட்கிறது. நேரில் இனிமையாக ஒலிக்கும் கருவி அது.

மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைத்திருப்பீர்கள். பெரும்பாலான கிதார்களின் உடலுக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் அதிரும், அந்த அதிர்வு வெளியேறும் வாசல்தான் அந்தத் துளை. போதாக்குறைக்கு, முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கை எந்த ஒலிமூலத்துக்கும் மிக அருகில் வைத்தால் அது கீழ்ச்சுரங்களைத் தானாகவே மிகைப்படுத்தும். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு அருகிலுள்ள 12ஆம் ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) நோக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இன்றும் சொல்லிவைக்கிறேன்: துளைக்கு நேராக வைக்காதீர்கள்.

கேள்வி: பாடிக்கொண்டே வாசித்துப் பதிவு செய்வதா, தனித்தனியாகச் செய்வதா?

இந்த வகைப் பாடலுக்கு இரண்டையும் சேர்த்தே செய்வதை விரும்புகிறேன். பாடுபவர் ஒரு சொல்லில் தயங்கும்போது கையும் தயங்கும். தனித்தனியாகப் பதிந்தால் மெட்ரோனோம் (தாளத்தை 'டிக்' என்று காட்டும் கருவி) அந்தத் தயக்கத்துக்காகக் காத்துக்கொண்டிருக்காது. ஒரே மைக்கை மார்பு உயரத்தில் வைத்து, குரல் மிஞ்சினால் கீழேயும் கிதார் மிஞ்சினால் மேலேயும் சற்றே நகர்த்துங்கள். பின்னால் எதையும் பிரித்துத் திருத்த முடியாது என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. தனித்தனியாகச் செய்வதானால் காதை முழுவதும் மூடும் ஹெட்போன் அவசியம், இல்லையெனில் மெட்ரோனோமின் 'டிக்' ஒலியும் பாடலில் பதிந்துவிடும்.

கேள்வி: ஹெட்போனில் என் குரல் எனக்கே பிந்தி வருகிறது.

மென்பொருளில் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 1024 மாதிரிகள் என்றிருந்தால், விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் அது மட்டுமே 21 மில்லி விநாடி. பதிவின்போது 128க்குக் குறையுங்கள், 3 மில்லி விநாடிக்கும் கீழே வந்துவிடும். புளூடூத் ஹெட்போன் என்றால் கழற்றி வைத்துவிட்டுக் கம்பியுள்ளதை எடுங்கள்.

கேள்வி: கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) எவ்வளவு வைப்பது? சிவப்பு விளக்கு எப்போதாவதுதான் எரிகிறது.

எப்போதும் எரியக் கூடாது. 24 பிட்டில் பதிவு செய்து, மிக உரத்த இடம் −12 டெசிபெல் அளவில் நிற்கும்படி வையுங்கள். மெல்லப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தலாம். உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. ஒத்திகையின்போது அளவு வைத்தவர்கள் கடைசிச் சரணத்தில் உணர்ச்சிவசப்பட்டு விளக்கை எரியவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே, பாடலின் மிக உரத்த வரியைப் பாடி அளவு வையுங்கள்.

கேள்வி: வரிகளுக்கு இடையே என் மூச்சுச் சத்தம் மிகவும் கேட்கிறது. எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள், குறையுங்கள். கம்ப்ரஸர் உரத்த சொற்களை அமுக்கியபின் மொத்த அளவை உயர்த்தும்போது மூச்சும் சேர்ந்து உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் நேரில் கேட்காதது பதிவில் கேட்கிறது. மூச்சுகளை மட்டும் 6 முதல் 10 டெசிபெல் தாழ்த்தினால் போதும். அடியோடு வெட்டினால் அந்த இடத்தில் அறையின் மெல்லிய ஒலியும் சேர்ந்து மறைந்து, காதில் குழி விழுந்தது போலிருக்கும்.

குறுக்குக் கேள்வி: குறைப்பது மட்டும் எதற்கு? உண்மையான துயரத்தைப் பாடும்போது மூச்சைத் தொடுவதே பொய் என்பது என் கருத்து. விரல் உரசலையும்கூட விட்டுவிட வேண்டும்.

இன்னொருவர்: இதை ஏற்க மாட்டேன். சுத்தம் செய்யாத பதிவைக் கேட்கத் தருவது சோம்பல். அதற்கு உண்மை என்று பெயர் சூட்டுகிறார்கள்.

இருவரும் பாதி சரி. விரல் உரசலுக்குப் பெரும்பாலும் காரணம் துயரம் அல்ல, கம்பியிலிருந்து விரலை எடுக்காமல் இழுப்பது; அதைப் பயிற்சியால் குறைக்கலாம், உண்மைக்கு ஒரு பங்கமும் வராது. மூச்சு அப்படியல்ல. மூச்சின் நீளம், வரப்போகும் வரியின் நீளத்தைக் கேட்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீண்ட மூச்சை இழுத்துவிட்டு இரண்டே சொற்கள் கொண்ட வரியைப் பாடினால், பாடுபவர் சொல்ல வந்த வேறொன்றை விழுங்கிவிட்டார் என்பது விளக்கமில்லாமலே புரிந்துவிடும். வெளியே தெரியாத துயரத்தைப் பாடுபவருக்கு இதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்பதற்கு முன் அப்படியொரு மூச்சை வைத்துப் பாருங்கள்.

குறுக்குக் கேள்வி: 'வைத்து' என்கிறீர்கள். திட்டமிட்டு வைக்கும் மூச்சு நடிப்பாகாதா?

பதினோரு முறை பதிவு செய்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அது நடிப்பில்லையா? வரியை அடித்துத் திருத்துவது பொய்யில்லை என்றால், மூச்சைத் திருத்துவதும் பொய்யில்லை. பாடல் என்பதே செய்யப்படும் பொருள்தான்.

மற்றொருவர்: எனக்கு ஆஸ்துமா உண்டு. என் மூச்சு எப்போதும் சத்தமாகவே பதிவாகிறது. கேட்பவர்கள் 'எவ்வளவு உணர்ச்சி' என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நானும் அதை விட்டுவைக்க வேண்டுமா?

இல்லை. மேலே நான் எழுதியதை உங்களுக்காகத் திருத்திக்கொள்கிறேன். மூச்சுக்கு ஒரு பொருள் உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். கேட்பவர் தாமாகவே ஒரு பொருளை அதன்மேல் ஏற்றிவிடுவார் என்பதை எண்ணவில்லை. உங்கள் உடல்நிலையைப் பாடலில் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். வெட்ட நினைத்தால் தாராளமாக வெட்டுங்கள். குழி விழாமலிருக்க, பாடலைத் தொடங்குமுன் யாரும் அசையாமல் 30 விநாடி அறையின் அமைதியைப் பதிவு செய்துகொண்டு, வெட்டிய இடங்களில் அதை நிரப்புங்கள். மூச்சைப் பற்றி இன்னும் ஆறு கேள்விகள் வந்துள்ளன. ஆறுக்கும் இதுவே பதில்.

கேள்வி: ஐயா, பாட எந்த மைக் நல்லது?

மேலே இருக்கிறது.

கேள்வி: பதிவைச் சோகமாக்க ரிவர்ப் (செயற்கை எதிரொலி) எவ்வளவு சேர்க்கலாம்?

அருகில் வந்து மெல்லச் சொல்லும் குரலை ஒரு மண்டபத்துக்குள் தள்ளிவிட்டால் அவர் யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாது. சேர்த்தது தெரியாத அளவில் நிறுத்துங்கள்.

கேள்வி: நான் அனுபவிக்காத துயரத்தை 'நான்' என்று தன்மையில் பாட எனக்கு உரிமை உண்டா? அந்தத் துயரத்தை அனுபவித்த நண்பரின் பெயரைப் பாடலில் சொல்லலாமா?

பெயரை வேண்டாம் என்பேன். அகத்திணைப் பாடலில் ஒருவரின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அந்தரங்கத்தைக் காப்பது ஒருபுறமிருக்க, பெயரில்லாத இடத்தில் கேட்பவர் தம்மையே வைத்துக்கொள்ள முடிகிறது. தன்மையில் பாடலாம், ஆனால் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அறிந்திருக்க வேண்டும். ஊகித்து எழுதிய வரியை அந்தத் துயரத்தில் வாழ்ந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஐயமிருந்தால் பக்கத்து அறையில் இருப்பவரின் குரலில் எழுதுங்கள்: அவருக்குப் பாதி தெரியும், மீதியைச் சுவர் வழியாகக் கேட்கிறார். நான் எழுதியவற்றில் தேறியவை பெரும்பாலும் இந்த மூன்றாமவர் குரலில் அமைந்தவையே.

கேள்வி: பாடலைப் பலர் கேட்கும்படி பரப்புவது எப்படி? காப்புரிமை பெறுவது எப்படி?

முதலாவது எனக்குக் கைவராத கலை. இரண்டாவதற்குச் சட்டம் அறிந்தவரை அணுகுங்கள். அதுவரை வரைவுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: குறைந்த செலவில் மைக்...

மேலே.

கேள்வி: நான் எழுதியது என் சொந்தத் துயரம். ஒவ்வொரு பதிவிலும் இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்து நின்றுவிடுகிறேன். அந்த உடைந்த பதிவையே வைத்துக்கொள்ளலாமா?

ஒரு வாரம் கழித்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பாடுபவர் அழுதுவிட்டால் கேட்பவருக்கு அழ இடமில்லாமல் போவதுண்டு. குரல் உடையும் விளிம்பில் நின்று, உடையாமல் கடந்த பதிவே பெரும்பாலும் நெடுநாள் நிலைக்கிறது. இரண்டாம் சரணத்தை மட்டும் தனியே, வரிகளைப் பின்னிருந்து முன்னாகப் பாடிப் பழகுங்கள். கதை கலைந்துவிடுவதால் தொண்டை அவ்வளவாக இறுகாது. கேப்போவை (கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் பிடிப்பானை) கிதாரின் தலைப்பக்கமாக ஒரு ஃபிரெட் நகர்த்தினால் சுருதி அரைச்சுரம் தாழ்ந்து, உச்சசுரத்தில் வரும் நெருக்கடி தணியும். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் பதிவு செய்யாதீர்கள். பாடாத நேரத்திலும் அந்த இறுக்கம் தொடர்ந்தால், பாடலை ஒத்திவைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்; அந்த வேலையைப் பாடலின் தலையில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். ஆனாலும் 'தும் தும்' போகவில்லை. மைக் கிதாரின் நடுவில், சரியாகத் துளையைப் பார்த்தபடிதான் இருக்கிறது.

12ஆம் ஃபிரெட்.