ஓட்டம் ஒரு நிமிடம், மிச்சப் பொழுதெல்லாம் வீட்டில்: நாய் வாங்கப் போகிறவர்களுக்குக் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். நாயோடு அஜிலிட்டி (நாம் கை காட்டக் காட்ட நாய் வரிசையாகத் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டி) மாதிரி ஏதாவது விளையாட்டில் இறங்க வேண்டும், ஆனால் வீட்டிலும் அது சமர்த்தாக இருக்க வேண்டும், என்ன இனம் வாங்கலாம்? ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத நேரமில்லை, அதனால் சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒன்றிரண்டு பதில்கள் கேட்டவருக்கே பிடிக்காது. பரவாயில்லை.

நானும் மனைவியும் ஐ.டி. வேலை. வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். அஜிலிட்டி வீடியோக்களில் ஜெயிப்பதெல்லாம் பார்டர் கோலிதான். அதுதான் உலகத்திலேயே புத்திசாலி நாயாமே, வாங்கலாமா?

புத்திசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்திக்குத் தினமும் தீனி போட வேண்டுமே, அதை யார் போடுவது? அமெரிக்காவில் சேஸர் என்று ஒரு பார்டர் கோலி ஆயிரத்துக்கும் அதிகமான பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்து வந்தது. அந்தச் செய்தியைப் பகிர்கிறவர்கள் மறுபாதியைச் சொல்வதில்லை. அதைப் பழக்கிய ஜான் பில்லி ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், மூன்று வருஷம், நாளைக்கு நாலைந்து மணி நேரம் அந்த ஒரு நாயோடு உட்கார்ந்திருந்தார். உங்கள் இருவருக்கும் சேர்த்து எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

அஜிலிட்டி 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே கூட்டம் கலையாமல் இருக்கக் குதிரைத் தடை தாண்டலைப் பார்த்து ஆரம்பித்த விளையாட்டு. இன்றைக்கும் ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பயிற்சி என்று பார்த்தால் நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம். மிச்சம் இருபத்து மூணே முக்கால் மணி நேரம் அந்த நாய் உங்கள் ஹாலில்தான் இருக்கும். அந்த நேரத்தில் சும்மா கிடக்கத் தெரிந்த நாயா என்பதுதான் கேள்வி, ஓடுமா குதிக்குமா என்பதெல்லாம் அப்புறம்.

பார்டர் கோலி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்து ஆட்டு நாய். அசைகிற எதையும் கண்ணால் மடக்கி ஓரிடத்தில் சேர்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடு இல்லாத வீட்டில் அது வேறு எதையாவது மேய்க்கும். என்னிடம் முதலில் இருந்த பார்டர் கோலி, தரை டைல்ஸில் விழும் ஃபேன் நிழலை மேய்க்க ஆரம்பித்தது. முதல் வாரம் எல்லோரும் சிரித்தோம். மூன்றாவது மாதம் ஃபேன் ஓடினால் சாப்பாட்டுத் தட்டைக்கூடத் திரும்பிப் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டது, அந்த வருஷச் சித்திரை வெயிலில் நாங்கள் ஃபேன் போடாமல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தப்பு நாயுடையது இல்லை. நாலு மணி நேர வேலை கேட்ட நாய்க்கு நான் நாற்பது நிமிடம் கொடுத்தேன்.

ஒருவர் வீட்டிலிருந்தே வேலை, காலை மாலை இரண்டு வேளையும் வெளியே கூட்டிப்போவது உறுதி, ‘சும்மா படு’ என்பதையும் ஒரு பாடமாகக் குட்டியிலிருந்தே சொல்லிக்கொடுப்போம் என்றால் யோசிக்கலாம். இன்னொரு விஷயம். கோலி, ஷெல்ட்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் குடும்பத்தில் பல நாய்களுக்கு எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் குறை உண்டு. பார்டர் கோலியில் அது குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சொறிக்கும் உண்ணிக்கும் நம் ஊரில் சர்வ சாதாரணமாகப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி அந்தக் குறை உள்ள நாயின் மூளையைத் தாக்கும், உயிரே போகலாம். டாக்டரிடம் நாயின் இனத்தைச் சொல்லிவிட்டு ஊசியின் பெயரைக் கேளுங்கள். கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள்.

மதுரைப் பக்கம் தோட்ட வீடு. சிப்பிப்பாறை அல்லது கன்னி வாங்க ஆசை, ராஜபாளையமும் யோசனையில் இருக்கிறது. அஜிலிட்டிக்கு நம் நாட்டு நாய் லாயக்கில்லை என்று ஒருவர் சொல்கிறார். நிஜமா?

லாயக்கில்லாதது நாய் இல்லை, அந்த விளையாட்டு அதற்குத் தோதுப்படவில்லை, அவ்வளவுதான். சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையை வைத்து வேட்டையாடும் நாய்கள். முயல் கண்ணில் பட்டதும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் தானே முடிவெடுத்துப் பறப்பதுதான் அவற்றின் குணம், அதற்காகத்தான் நம் ஆட்கள் அவற்றை வளர்த்தார்கள். அஜிலிட்டியில் ஒவ்வொரு தடைக்கும் நடுவே உங்கள் கையைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு குச்சிகளுக்கிடையே வளைந்து வளைந்து போகிற வேலையைக் கோலி ரசித்துச் செய்யும். சிப்பிப்பாறை நாலாவது குச்சியில், ‘இதனால் எனக்கு என்ன?’ என்பதுபோல் ஒரு பார்வை பார்க்கும். நான் பழக்கிய ஒரு கன்னி மூன்று தடவை அழகாகச் செய்துவிட்டு நாலாவது தடவை வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரே பாடத்தை இருபது தடவை திருப்பாமல், மூன்றோடு நிறுத்தி விட்டுவிட்டால் மறுநாளும் வரும். அடித்தாலோ அதட்டினாலோ அப்புறம் உங்கள் பக்கமே திரும்பாது, ரோஷக்கார நாய்கள்.

அவற்றுக்கென்றே பொருந்துகிற விளையாட்டு லூர் கோர்ஸிங். தரையோடு தரையாகக் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பையை வேகமாக இழுப்பார்கள், நாய் அதைத் துரத்தும். உங்கள் தோட்டத்தில் ஒரு பழைய சைக்கிள் ரிம்மில் கயிற்றைச் சுற்றி எளிதாகச் செய்துவிடலாம். வளைவுகள் அகலமாக இருக்கட்டும், கயிறு நாயின் காலில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஓட்டம் போதும். நிஜ முயல் வேண்டாம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், ‘எங்க தாத்தா காலத்திலிருந்தே’ என்பதெல்லாம் வனத்துறையிடம் எடுபடாது.

வீட்டு நாயாக இவை பலரும் நினைப்பதைவிட நல்லவை. ஓடி முடித்ததும் நாளெல்லாம் சுருண்டு கிடக்கும். குட்டை முடி, வெயில் தாங்கும், குளிப்பாட்டும் வேலை குறைவு. வேலி மட்டும் ஆறடியாவது இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு நான் பொறுப்பில்லை.

ராஜபாளையம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது காவலில் கெட்டி, அந்நியர் கூட்டத்தில் இறுக்கமாகிவிடும், போட்டி மைதானம் அதற்குச் சிரமம். பால் வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. வாங்கும்போது குட்டி தூங்கும் நேரமாகப் பார்த்து, அதிர்வோ காற்றோ படாத தூரத்தில் நின்று கை தட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு இருக்கும்போது பார்த்தால் தெரியாது, மற்றக் குட்டிகள் எழுந்திருப்பதைப் பார்த்து அதுவும் எழுந்துவிடும்.

பெல்ஜியன் மாலினுவா வாங்கினால் வீட்டுக்குக் காவலும் ஆச்சு, விளையாட்டுக்கும் ஆச்சு என்று நினைக்கிறேன். ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். (சேலம்)

வேண்டாம். மத்திய ரிசர்வ் போலீஸ் படை வைத்திருக்கிற நாய் அது, அங்கே அதற்கென்று ஒரு ஆள் முழுநேர வேலையாக இருக்கிறார். ஓடுகிற குழந்தையின் குதிகாலைக் கவ்வுவது அதற்கு விளையாட்டு, உங்களுக்கு ஆஸ்பத்திரி. குழந்தைகள் பெரிதாகட்டும், பேசலாம்.

எங்கள் லாப்புக்கு (லாப்ரடார்) மூன்று வயது, 42 கிலோ. வீட்டில் தங்கம். இப்போது அஜிலிட்டி ஆரம்பிக்கலாமா?

42 கிலோவோடு குதிக்க வைக்காதீர்கள். ஆண் லாப்புக்கு 29இலிருந்து 36 கிலோதான் கணக்கு. இறங்கும்போது முன்கால் மூட்டு வாங்குகிற அடி கொஞ்சநஞ்சமில்லை, அதோடு லாப் இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறும் முழங்கைக் கோளாறும் ஏற்கெனவே அதிகம்.

உங்களைக் குறை சொல்லவில்லை. லாப் எப்போதும் பசி பசி என்று அலைவதற்கு உடம்பிலேயே காரணம் உண்டு. பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டுப்போன லாப்புகள் ஏறக்குறைய நாலில் ஒன்று என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்களுக்கு ‘போதும்’ என்ற உணர்வு சரியாக வராது. ஆகவே அது முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு பார்ப்பதைக் கணக்கில் எடுக்காமல், சாப்பாட்டை அளந்து போடுங்கள். சோற்றைக் குறையுங்கள், பாட்டி ஊட்டுகிற பிஸ்கட்டையும் எண்ணிக்கையில் சேருங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். இதெல்லாம் செய்தும் குறையாவிட்டால் தைராய்டு பரிசோதனை.

அதுவரை நடை, நீச்சலுக்கு வசதி இருந்தால் நீச்சல், வீட்டுக்குள் மோப்ப விளையாட்டு. நடை காலை ஆறரைக்குள் முடியட்டும்; அதற்கப்புறம் என்றால் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். எடை இறங்கியதும் இடுப்பை ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, தாழ்வான தடையில் ஆரம்பிக்கலாம். லாப் நல்ல அஜிலிட்டி நாய்தான். தடை கடைசியில் பிஸ்கட் இருக்கிறது என்று தெரிந்தால் மலையையே தாண்டும்.

குட்டிக்கு நாலு மாதம். சோபாவிலிருந்து அருமையாகக் குதிக்கிறது. எந்த வயதில் தடை தாண்டப் பழக்கலாம்?

குதிக்கட்டும் என்று விடாதீர்கள். கால் எலும்பு நுனியிலிருக்கும் குருத்தெலும்பு வழியாகத்தான் எலும்பு நீளமாகிறது, அது இறுகி மூட நடுத்தர நாய்க்கு ஒரு வருஷம், பெரிய இனத்துக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும். அதற்குமுன் அங்கே அடிபட்டால் கால் கோணலாகலாம். சர்வதேச அஜிலிட்டிப் போட்டியில் 18 மாதம் ஆகாத நாயைச் சேர்க்கவே மாட்டார்கள். இப்போதைக்கு நேரான டனல், தரையில் கிடத்திய குச்சிகளுக்கு நடுவே நடப்பது, கூப்பிட்டதும் வருவது, இவை போதும், சொல்லப்போனால் முக்கால்வாசி அஜிலிட்டி இதுதான். இன்னொன்று, வழவழ டைல்ஸ் தரையில் குட்டியைப் பந்து துரத்த விடாதீர்கள். ஓடுகிற வழியில் மட்டுமாவது ரப்பர் பாய் போடுங்கள்.

‘சாம்பியன் லைன்’ ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி, கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) பேப்பரோடு தருகிறேன் என்கிறார்கள். நாற்பதே நாள் குட்டி. விளையாட்டுக்கும் ஆகும் என்கிறார்கள். நம்பலாமா?

முதலில், நாற்பது நாளில் விற்கவே கூடாது. 2017இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், கடியை எவ்வளவு மெதுவாக வைக்க வேண்டும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் கற்பதே அந்த வாரங்களில்தான். அதைப் பிடுங்கினால் அப்புறம் உங்கள் கையில்தான் கற்கும்.

பேப்பர் என்பது அப்பா அம்மா யார் என்று சொல்லும், மூட்டு எப்படி என்று சொல்லாது. எதில் சாம்பியன் என்றும் கேளுங்கள், பெரும்பாலும் கண்காட்சியில் நின்று வாங்கிய பட்டமாக இருக்கும். ஷெப்பர்டை 1899இலிருந்து உருவாக்கிய மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸுக்கு வேண்டியிருந்தது வேலை செய்கிற நாய். பின்னாளில் அழகுக்காகவென்று முதுகைச் சரித்து, பின்காலை மடக்கி ஒரு வகையை வளர்த்துவிட்டார்கள். அந்த வகை புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், தடை தாண்ட வராது. பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள், தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். தாய் ‘ஊருக்குப் போயிருக்கிறது’ என்றார் எனக்கு ஒரு முறை ஒருவர். நானும் கிளம்பி ஊருக்குப் போய்விட்டேன்.

தெரு நாய்க் குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறோம். இதெல்லாம் அதற்கு வருமா?

தாராளமாக. இடுப்பு மூட்டுக் கோளாறு அரிது, வெயில் தாங்கும், 15, 20 கிலோ உடம்பு அஜிலிட்டிக்கு அளவெடுத்த மாதிரி. பயம்தான் எதிரி. மூன்று மாதத்துக்குள் மனிதர், வண்டி, சத்தம் எல்லாம் பார்த்த குட்டி என்றால் கவலையில்லை. தடுப்பூசிகளோடு, உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுங்கள், காரணமில்லாமல் சோர்கிற நாய்கள் பலவற்றில் அதுதான் காரணம்.

எங்கள் பொமரேனியனோடு என் பத்து வயது மகள் ஏதாவது விளையாட்டு கற்க ஆசைப்படுகிறாள்.

படம் பார்த்தேன். அது இந்தியன் ஸ்பிட்ஸ், நம் ஊரில் காலங்காலமாகப் பொமரேனியன் என்று கூப்பிடுகிறோம், அதுவும் திரும்பிப் பார்க்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது: சுறுசுறுப்பு, பெல்ட்டைப் பிடித்தால் குழந்தையை இழுத்துத் தள்ளாத எடை. 35 சென்டிமீட்டருக்குக் குறைவான நாய்கள் சிறிய பிரிவு, தடையும் தாழ்வு. நடுவில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினால் முழங்கால் சில்லு நழுவுகிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். வெயிலுக்கென்று மொட்டை அடிக்காதீர்கள். இந்த நாய் நிறையக் குரைக்கும். அதற்கு மருந்து இல்லை.

எனக்கு 68 வயது, கும்பகோணம். ஓட முடியாது. ஆனால் சும்மா கட்டிப்போட்டு வளர்க்கவும் மனமில்லை.

ஐயா, குட்டி வேண்டாம், குணம் தெரிந்த மூன்று நாலு வயது நாயாக, யாராவது ஊர் மாறுகிறவர்களிடமிருந்து எடுங்கள். லாப்போ நாட்டு நாயோ எதுவானாலும் சரி. விளையாட்டு, மோப்பம். ஐந்து அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்து ஒன்றில் மட்டும் காய வைத்த கோழி ஈரல் துண்டைப் போட்டு, ‘தேடு’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். ஒரு வாரத்தில் புரிந்துகொள்ளும், அப்புறம் பெட்டிக்குப் பதில் அறை, அறைக்குப் பதில் கொல்லை. கால் மணி நேரம் மூக்கால் தேடிய நாய் ஒரு நீள நடை நடந்த நாயைப்போல அசந்து தூங்கும். வீட்டம்மாவிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நன்றாகத் தேர்ந்த நாய் அப்பள டப்பா, கருவாட்டுப் பானை எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்துவிட்டுக் கூலி கேட்கும்.