வெயிட் குறையல, பேன்ட் மட்டும் லூசாகுது!

கேள்வி: ஜிம் சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு சார், வெயிட் எல்லாம் தூக்குறேன், ஆனா மெஷின்ல ஏறினா அதே 74 கிலோ, பேன்ட் மட்டும் லூசாகுது. பேசாம வெயிட்ட விட்டுட்டு ட்ரெட்மில்ல மட்டும் ஓடட்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பேன்ட் லூசாகுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்னங்க கவலை! புதுசா வெயிட் தூக்குறப்போ தசை கிளைகோஜனையும் (தசைல சேமிச்சு வைக்கிற சர்க்கரைச் சத்து) அதோட தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும், கொஞ்சம் தசையும் ஏறும், அதனால கொழுப்பு குறைஞ்சாலும் முள்ளு அசையாது. இஞ்ச் டேப்ல வாராவாரம் இடுப்ப அளந்து எழுதி வைங்க. சாப்பாட்ட குறைச்சுட்டு ஓட மட்டும் செஞ்சா கொழுப்போட தசையும் சேர்ந்து போயிடும். ஸ்குவாட் (உட்கார்ந்து எழுறது), டெட்லிஃப்ட் (தரைல இருந்து தூக்குறது), ரோ (உடம்ப நோக்கி இழுக்குறது), ஏதாவது ஒரு பிரஸ் (தள்ளுறது), வாரம் 3 நாள் போதும், தொடர்ந்து 12 ரெப்ஸ் (12 தடவை) சுலபமா வந்தா 2.5 கிலோ ஏத்துங்க, பக்கத்துல ஒருத்தர் 100 கிலோ தூக்குறாரேன்னு பார்க்காதீங்க.

உண்மையான ஓட்டை சாப்பாட்டுல தான். காலைல இட்லி, மதியம் சோறு, நைட்டு தோசைன்னா புரோட்டீன் எங்கங்க இருக்கு? எடைல கிலோவுக்கு 1.6 கிராம்னு வச்சா உங்களுக்கு ஒரு நாளைக்கு 118 கிராம் வரும், ஒரு முட்டைல 6 கிராம் தான், அதனால சிக்கன், மீன், தயிர், சுண்டல்னு பிரிச்சு சாப்பிடுங்க. கிட்னி பிரச்னை இருந்தா டாக்டர கேட்டுட்டு. அப்புறம், சிட்-அப்ஸ் போட்டா தொப்பை மட்டும் தனியா கரையாது, யாரு சொன்னாலும் நம்பாதீங்க.