பாட்டு, கட்சி, காது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சியில் முதுகலை படிக்கிறேன். இடதுசாரி மாணவர் அமைப்பில் இருக்கிறேன். அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட ஒரு நூலுக்கு 2022இல் இளையராஜா அணிந்துரை எழுதியபின், அவருடைய பாடல்களைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனால் பேருந்தில் அவை ஒலித்தால் மனம் தானாக இளகிவிடுகிறது. கடவுள் மறுப்பாளரான என் அப்பாவோ விடியற்காலையில் அம்மன் பாடல்கள் கேட்கிறார். அரசியலுக்கும் இசை ரசனைக்கும் தொடர்பே இல்லையா? விடுதியில் அறை நண்பன் நாள் முழுக்க ஓடவிடும் கானா இரைச்சல் ஒரு பக்கம் தொல்லை என்றால், இந்தக் குழப்பம் மறுபக்கம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில காலமாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டதால் உடனே பதில் எழுதுகிறேன்.

அணிந்துரை விவகாரத்தில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. அந்த ஒப்பீட்டில் எனக்கும் உடன்பாடில்லை. பாடல்களை நீக்குவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். ஆனால் அந்த இசையின் ஊற்று எது என்பதைத் தெரிந்துகொண்டு நீக்குங்கள். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே கட்சிக்காகப் பாடியவர். தம்பிகள் மேடை பழகியது அவருடைய குழுவில்தான். பேருந்தில் உங்கள் மனம் இளகுவதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

அப்பாவைப் பற்றியும் கவலை வேண்டாம். அவரை ஒருநாளும் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் பாட்டு எந்தக் கட்சியின் வேலிக்குள்ளும் அடங்கியதில்லை. தி.மு.க. மாநாடுகளில் பல்லாண்டுகள் முழங்கிய நாகூர் ஹனிபாவின் குரலில் இஸ்லாமியப் பக்திப் பாடல்களை இந்து வீடுகளிலும் உருகிக் கேட்டார்கள். கண்ணதாசன் 1961இல் கழகத்தை விட்டு விலகியபின்னும் கழகத்துக்காரர்களின் வாய் அவருடைய வரிகளை முணுமுணுக்க மறந்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்த கடைசி வரியைப் படித்தபோது. கானா இரைச்சலா? இளையராஜா விஷயத்தில் கொள்கையைத் துலாக்கோலில் நிறுத்துப் பார்த்த நீங்கள், அறை நண்பனின் பாட்டை நிறுக்கக்கூட இல்லையே! நமக்குப் பிடித்த பாடல்களை வைத்து நம் அரசியலைக் கண்டுபிடிக்க முடியாது. அவை பெரும்பாலும் கொள்கை வருவதற்கு முன்பே, யார் மடியிலோ, எந்தத் தேநீர்க் கடை வாசலிலோ நமக்குள் வந்து அமர்ந்தவை. ஆனால் எந்த ஒலியை நம்மால் சகித்துக்கொள்ள முடியவில்லை என்பதில் நம் அரசியல் நன்றாகத் தெரியும்.

என் தாய்மாமா கருப்புச் சட்டைக்காரர். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் எழுந்தால் திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். அத்தை கேலி செய்தால், "பாட்டு பாட்டுதானே" என்பார். அதே மாமா, தெருமுனையில் சாவு ஊர்வலத்தின் பறை அதிரத் தொடங்கியதும் எழுந்து உள்ளே போய், சன்னல் கதவைச் சாத்திக் கொக்கியும் மாட்டுவார். பறையடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும் அந்த இரண்டு நிமிடமும் நான் வாசலில் நின்று பார்ப்பேன். தீயருகே சாய்த்துப் பிடித்த பறையை விரல் நுனியால் தட்டித் தட்டிச் சுருதி பார்ப்பார்கள். மாமா உள்ளிருந்து, "தலை வலிக்கிறது, கதவைச் சாத்துடா" என்று கத்துவார். கோயில் ஒலிபெருக்கி அதைவிடப் பல மடங்கு சத்தமானது. அதற்கு அவருக்கு ஒருநாளும் தலை வலித்ததில்லை. சாதி ஒழிப்பு மாநாடு ஒன்றையும் தவறவிடாதவர் அவர், நல்லவர், என்னைப் படிக்க வைத்தவர். அவருடைய கொள்கை பேச்சிலும் நடத்தையிலும் இறங்கியிருந்தது. காதுவரைக்கும் வந்து சேரவில்லை.

ஆட்சியிலிருப்பவருக்கு இப்படிப்பட்ட காது வாய்த்தால் நாடே கதவைச் சாத்த வேண்டியதாகிவிடும். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரங்குறைந்தவை என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றுக்கான நேரத்தைக் குறைத்தார். சாஸ்திரிய இசையால் மக்களின் ரசனையை உயர்த்திவிடலாம் என்பது அவருடைய எண்ணம். மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957இல் திரைப்பாடல்களுக்கு இடம் தந்த விவித் பாரதி என்ற வானொலிச் சேவையைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. கேஸ்கர் விடுதலைப் போராட்டத்தில் நின்ற காங்கிரஸ்காரர். மக்களாட்சியில் அவருக்கு இருந்த நம்பிக்கையைச் சந்தேகிக்க எனக்குக் காரணமில்லை. அந்த நம்பிக்கை இருந்தும், மக்கள் விரும்பிக் கேட்டதை அவரால் இசையாக மதிக்க இயலவில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் கானாவையும் ராப்பையும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியபோதும், 2020 டிசம்பரில் பறை, கானா போன்ற மக்கள் இசைக்கான 'மார்கழியில் மக்களிசை' விழா தொடங்கியபோதும், முற்போக்கான நண்பர்கள் சிலர் என்னிடம், "நோக்கம் சரிதான், ஆனால் இசையாக அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதும் அதே கேள்விதான். அவர்கள் கொஞ்சம் மெருகேற்றிக் கேட்டார்கள், அவ்வளவுதான். வடசென்னைச் சாவு வீடுகளில் இரவு முழுவதும் விழித்திருந்து, இறந்தவரின் பெயரையும் வாழ்வையும் அந்த நொடியிலேயே கானாப் பாட்டாகக் கட்டுகிறவர்களின் திறமையை உங்களால் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து கேட்க முடியவில்லை என்றால், அமைப்பில் நீங்கள் படிக்கிற எந்தப் பாடமும் இன்னும் முடியவில்லை. அறை நண்பனிடம் ஒலியைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, தேர்வு நேரத்தில் நிச்சயமாக உண்டு. ஆனால் அதற்கு முன்பு, அது யார் பாடியது, எந்தத் தெருவில் பிறந்தது, அவனுக்கு ஏன் பிடிக்கிறது என்று கேளுங்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையடிக்கிறார்கள், திருச்சியிலிருந்து தொலைவில்லை. அவனையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.