மதிலில் ஒரு கிணறு

அன்புள்ள அண்ணா,

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். எங்கள் மதிலுக்குப் பழைய மாணவர் ஒருவர் பெயின்ற் வாங்கித் தந்திருக்கிறார். தரம் 9 பிள்ளைகள் ஊர்க் கிணறுகளை வரையவேணும் என்கிறார்கள். சுன்னாகப் பக்கம் தண்ணீரில் எண்ணெய் மிதந்ததையும், தண்ணீர்ப் பவுசருக்காகக் குடத்தோடு காத்து நின்றதையும் வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அதிபரோ, "திருவள்ளுவரும் மயிலும் போதும், வீண் பிரச்சினை வேண்டாம். கிணறு கீறி என்ன மாறப்போகுது?" என்கிறார். என்ன பதில் சொல்ல?

ஒரு சித்திர ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

கிணற்றையே வரையுங்கள்.

நான் படித்த பள்ளி மதிலிலும் வள்ளுவர் இருந்தார். பக்கத்தில் ஒரு குறள். ஐந்து வருடம் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். எந்தக் குறள் என்று இன்று நினைவில்லை. யாரோ தீர்மானித்து, கூலிக்கு வந்தவர் வரைந்துவிட்டுப் போன படம் அது.

மெக்சிக்கோ நகரில் தேசிய ஆயத்தப் பள்ளியின் சுவர்களை 1920களில் அரசே ஓவியர்களிடம் ஒப்படைத்தது. அவர்களில் ஒருவரான ஒரொஸ்கோ அங்கே வரைந்த சுவரோவியங்களை 1924இல் மாணவர்களே சிதைத்தார்கள். வேலை நின்றுபோய், 1926இல் திரும்பி வந்துதான் அவர் முடித்தார். மாணவர்களின் கோபத்துக்கு அன்றைய அரசியலும் ஒரு காரணம். ஆனாலும் தினமும் அந்தச் சுவரைப் பார்க்கப்போகிற பிள்ளைகளை முதலில் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டாமா என்று எனக்கு எப்போதும் தோன்றும். உங்களிடம் பிள்ளைகள் தாங்களாகவே கேட்டு வந்திருக்கிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

அதிபரின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்: சுன்னாக நிலத்தடி நீர் மின்நிலையத்து எண்ணெயால் மாசுபட்டதை உச்ச நீதிமன்றமே 2019இல் ஏற்று, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சொன்னதைப் பிள்ளைகள் கீறுவதில் என்ன பிரச்சினை? எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணறு ஊறுகிறது. நிலத்தில் ஊற்றுவது எதுவாக இருந்தாலும், உரமோ மலக்குழிக் கசிவோ, ஒருநாள் குடத்துக்கு வரும். இதைப் பாடப்புத்தகத்தில் வாசிக்கிற பிள்ளைக்கும், பத்தடி மதிலில் வரைய வீடுவீடாகப் போய்க் கேட்டறிகிற பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது. எது மாறும் என்று கேட்டால், முதலில் அந்த வீடுகளில் பேச்சு மாறும். அதனால் பெயின்ற் வாளியைத் திறக்கமுன் ஒரு மாதம் பிள்ளைகளை ஊருக்குள் விடுங்கள்.

மாரி முடிந்து மதில் நன்றாகக் காயட்டும். உப்புப் பூத்த இடங்களைச் சுரண்டித் துடைத்துப் பிறகு பிரைமர் பூசுங்கள். ஈரம் ஏறும் அடிப்பகுதியில் முக்கியமான எதையும் வரையவேண்டாம். பெற்றோர் வந்து நிற்கிற வாசல் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. எண்ணெய்ப் படலத்துக்குக் கறுப்பை அப்பிவிடாதீர்கள். வெயில் பட்டால் அது நீலமும் ஊதாவுமாக மினுங்கும். கிணற்றுக்குள் அதை எட்டிப்பார்த்த ஆச்சி ஒருவரைக் கூட்டிவந்து, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, நிறம் சொல்லச் சொல்லுங்கள்.