பத்து ரூபாய் பாட்டில் சொல்லும் கணக்கு
வாசகர் கேள்வி – பதில்: மலையில் தொழிலும் சூழலும்

கேள்வி (குன்னூர்): ஜாம், தேன், ஊறுகாய் தயாரித்துக் கண்ணாடிப் பாட்டிலில் விற்கிறேன். டாஸ்மாக்கில் காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கிறதே, அதேபோல நானும் செய்தால் கட்டுப்படியாகுமா?

பதில்: சரக்கு எங்கே போய்த் தீர்கிறது என்பதைப் பொறுத்தது.

காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 மே மாதம் அந்தத் திட்டம் முதலில் நீலகிரியில்தான் வந்தது. அங்கே அது ஓடுவதற்குக் காரணம் உண்டு. மதுபாட்டில் பெரும்பாலும் வாங்கிய கடைக்குப் பக்கத்திலேயே காலியாகிறது. குடித்தவர் வீசி எறிந்தாலும், பத்து ரூபாய்க்காக வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வருவார். யாருடைய நல்ல மனசையும் நம்பிப் போட்ட திட்டமில்லை அது.

உங்கள் ஜாமை வாங்கும் சுற்றுலாப் பயணி மறுநாளே பர்லியாறு தாண்டி மலையிறங்கிவிடுவார். அந்தப் பாட்டில் திரும்பாது. அவரிடம் வைப்புத்தொகை வாங்கினால் அது வெறும் விலையேற்றம்தான். ஆகவே உள்ளூர் ஓட்டல், பேக்கரி, மளிகைக் கடை இவற்றுக்கு மட்டும் தொடங்குங்கள். ஒவ்வொரு பாட்டிலாக அல்ல, 24 பாட்டில் கொள்ளும் கிரேட்டாகக் கணக்கு வையுங்கள். நிறைந்த கிரேட் இறக்கும்போது காலி கிரேட் ஏற வேண்டும். வைப்புத்தொகை புதுப் பாட்டில் விலையில் பாதிக்குக் குறைந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். புது விலையைத் தாண்டினால் வேறு பாட்டில்களும் உங்கள் கடைக்கு வந்து சேரும்.

கழுவுவதில்தான் பலரும் தோற்கிறார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ காஸ்டிக் சோடா, 60–65 டிகிரி சூடு. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். குன்னூர்க் காலைக் குளிரில் கிடந்த பாட்டிலை நேரே சுடுநீரில் விட்டால் அடிப்பாகம் வட்டமாகக் கழன்றுவிடும். முதலில் 35–40 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் கிடக்கட்டும். பிறகு இருமுறை நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே ஒரு சொட்டு ஃபினால்ஃப்தலீன் (காரம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் திரவம்) விட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு வந்தால் சோடா இன்னும் போகவில்லை. சோதித்த பாட்டிலை மறுபடி கழுவ வேண்டும். மூடியை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். உள்வளையம் ஒருமுறை அழுந்தியதும் அதன் வேலை முடிந்தது.

கேள்வி (ஊட்டி): எங்கள் விடுதியில் அறை எடுப்பவர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரம் நட்டு, ‘கார்பன் இல்லா விடுதி’ என்று விளம்பரம் செய்ய உரிமையாளர் விரும்புகிறார். சரியா?

பதில்: வேண்டாம். தவறான பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. எந்த ஆண்டு, எந்தெந்தக் கார்பன் வெளியீடுகளைச் சேர்த்து, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று காட்ட முடியாமல் இப்படி எழுதக் கூடாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. இங்கே ‘காலி இடம்’ என்று பலர் நினைப்பது புல்வெளி. சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் இந்த மலையின் ஓடைகளுக்கு நீர் தருகின்றன. சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வைத்தே ஏற்கெனவே நிறையப் புல்வெளி போய்விட்டது. மரம் நடும் பணத்தில் கொதிகலன் குழாய்களுக்கு வெப்பக் காப்பு உறை போடச் சொல்லுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): சிறிய தேயிலைத் தொழிற்சாலை. விறகுச் செலவு தாங்கவில்லை. வாங்குபவர்களோ ‘நிலைத்தன்மைச் சான்று’ கேட்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: விறகுக் கொட்டகையில். சான்றிதழ் அப்புறம்.

ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். மீதி மூன்றரைக் கிலோ தண்ணீர். உங்கள் தொழிலே தண்ணீரைக் காற்றில் விரட்டுவதுதான். அதற்கு ஈரவிறகு எரித்தால், விறகின் தண்ணீரை விரட்டவும் சேர்த்துச் செலவழிக்கிறீர்கள். பாதி எடை ஈரமான விறகு ஒரு கிலோ எரித்தால் கைக்கு வரும் வெப்பம் சுமார் 1,950 கிலோ கலோரி. 20 விழுக்காடு ஈரம் உள்ளதில் சுமார் 3,480. எடைபோட்டு வாங்கும்போது ஒரு டன் ஈரவிறகில் 500 கிலோ தண்ணீருக்கும் விலை கொடுக்கிறீர்கள். சப்ளையரிடம் எடையோடு ஈர அளவும் பேசி விலை வையுங்கள். ஈரமானி பெரிய விலையில்லை.

விறகு தரையில் படாமல் கல் அல்லது தண்டவாளத்தின் மேல் அடுக்க வேண்டும். பக்கவாட்டில் காற்று போக வழி, மேலே கூரை, குறைந்தது மூன்று மாத இருப்பு. தடிமன் மூன்று நாலு அங்குலத்துக்கு மேலிருந்தால் பிளந்து போடுங்கள். மழைக்கு முன் அடுக்காமல் ஜூனில் வாங்கினால் அந்த ஆண்டுக்கு உலர்ந்த விறகு கிடையாது.

அடுத்தது பச்சை இலையை வாடவைக்கும் தொட்டியின் விசிறி. வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். விசிறியின் மின்தேவை வேகத்தின் மூன்றாம் மடிக்கு ஏற்ப மாறுவதுதான் காரணம். வேகம் மாற்றும் கருவி பொருத்தி, இலை பாதி வாடியதும் வேகத்தைக் குறையுங்கள். இதில் நடக்கும் கோளாறு எப்போதும் ஒன்றே. ஒருநாள் கருவி நின்றுபோகும், எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுப்பார், அதன்பின் யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்று வாரம் ஒருமுறை எழுதிவைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வறண்ட காற்று வீசும் மாதங்களில் வாடவைக்கச் சூடே தேவையில்லை. காற்றின் ஈரத்தை அளக்கும் உலர், ஈர வெப்பமானிகளுக்கு இடையே மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூட்டை நிறுத்திப் பாருங்கள்.

சான்றிதழைப் பற்றி: 2013ல் இந்தியத் தேயிலைக்காகத் தொடங்கிய ‘டிரஸ்டீ’ போன்ற நிலைத்தன்மை நெறிமுறைகள் கேட்கும் பதிவேடுகள் நல்லவையே. ஆனால் செலவும் எழுத்து வேலையும் உங்கள் மேலும், இலை தரும் சிறு விவசாயி மேலும் விழும். கிலோவுக்குக் கூடுதலாக எவ்வளவு தருவீர்கள் என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள். ‘சந்தையில் இடம் கிடைக்கும்’ என்பது மட்டும் பதிலாக வந்தால், அது நிபந்தனைதான், விலை அல்ல. தெரிந்தே முடிவெடுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): கடையில் ‘மக்கும் கவர்’ தருகிறோம். பிளாஸ்டிக்குக்கு மாற்றுதானே?

பதில்: உங்கள் ஊரில் இல்லை. அந்த வகைக் கவர்கள் சுமார் 58 டிகிரி சூட்டில் இயங்கும் தொழில்முறை உரக்கூடத்தில் மக்குவதாகச் சோதிக்கப்படுபவை. கொடைக்கானல் மண்ணுக்கு அந்தச் சூடு எந்தக் கோடையிலும் வராது. ஓடையில் விழுந்தால் சாதாரணக் கவர் போலவே கிடக்கும். சாதாரண பிளாஸ்டிக்கோடு கலந்தால் மறுசுழற்சிக்குப் போகும் சரக்கையும் கெடுக்கும். துணிப்பையும் தானாகவே புண்ணியம் சேர்க்காது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011ல் வெளியிட்ட கணக்கில், பருத்திப் பை ஒன்று சாதாரண மெல்லிய கவரை வெப்பமயமாதலில் வெல்ல 131 முறை தூக்கப்பட வேண்டியிருந்தது. இலவசமாக அச்சடித்துக் கொடுக்காதீர்கள், விலைக்கு விற்றால்தான் வீட்டிலிருந்து எடுத்து வருவார்கள்.

கேள்வி (கொடைக்கானல்): லாபம் ஒன்றே குறியான பொருளாதாரத்தில் இதெல்லாம் கண்துடைப்பு இல்லையா? பாதரச ஆலை போனபின் யார் வந்து சுத்தம் செய்தார்கள்?

பதில்: கேள்வி நியாயமானது. அந்த வெப்பமானி ஆலை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்ந்து 1980களில் இங்கு வந்தது. பாதரசக் கழிவு வெளியே போனது அம்பலமானதும் 2001ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்தது 2016ல். நடுவில் 15 ஆண்டு. ஒரு வெப்பமானியின் விலையில் கண்ணாடி, பாதரசம், கூலி, போக்குவரத்து எல்லாம் இருந்தன. மண்ணைக் கழுவும் செலவு மட்டும் இல்லை. விலையில் சேராத இந்தச் செலவை வரியாகச் சேர்க்க வேண்டும் என்று ஆர்தர் பிகூ என்ற பொருளியலாளர் 1920லேயே எழுதிவிட்டார்.

நம் பக்கத்துச் சான்று பாலாறு. வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில், 1996ல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றது. தத்துவம் சரி, நேரம்தான் தவறு. கெட்டபின் வசூலிக்கப் போனால் வழக்கறிஞர்களுக்கும் ஆய்வறிக்கைகளுக்கும் நடுவே ஒரு தலைமுறை போய்விடும். அதனால்தான் சுரங்கங்களிடம் மூடுவதற்கான உறுதித்தொகையை முன்கூட்டியே வாங்கும் விதி இருக்கிறது. டாஸ்மாக் பாட்டிலின் பத்து ரூபாயும் அதே யோசனைதான். பணம் முதலில், பொருள் திரும்பினால் பணமும் திரும்பும். நச்சுப் பொருள் கையாளும் எல்லா ஆலைக்கும் உரிமம் தரும்போதே இப்படி வாங்கியாக வேண்டும் என்பது எங்கள் கருத்து. அது இல்லாத இடத்தில் நிறுவனத்தின் பசுமை அறிக்கையைக் கண்துடைப்பு என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டோம்.

கேள்வி (ஊட்டி): உணவகத்தில் சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கிறோம். தினமும் 25 கிலோ மிச்ச உணவு போடுகிறோம். டிசம்பர் வந்தால் அடுப்பே எரிவதில்லை.

பதில்: 25 கிலோவிலிருந்து சமவெளியில் இரண்டரைக் கன மீட்டர் வாயு எதிர்பார்க்கலாம், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எல்பிஜி. 19 கிலோ சிலிண்டர் ஒன்று பதினேழு பதினெட்டு நாளுக்கு ஒருமுறை மிச்சம். ஆனால் அந்தக் கணக்கு 30–35 டிகிரிக்கானது. கலனுக்குள் 15 டிகிரிக்குக் கீழே போனால் பாதி கூட வராது, பத்துக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். விற்பனையாளர் கோவைக் கணக்கை ஊட்டிக்கு விற்றிருக்கிறார்.

குளிரில் நீங்கள் அளவைக் குறைக்காததுதான் இரண்டாவது காரணம். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் முதலில் சோர்ந்துபோகும், அமிலம் தேங்கும். மூடியைத் திறந்தால் புளித்த வாடை வருகிறதா? அமிலத்தன்மைத் தாளில் (pH) 6.5க்குக் கீழ் காட்டுகிறதா? அப்படியானால் நான்கைந்து நாள் எதுவும் போடாதீர்கள். இரண்டு மூன்று வாளி புதுச் சாணக் கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரும் விடுங்கள். 7ஐ ஒட்டி வந்ததும் ஆறேழு கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். உணவை அரைத்து, சம அளவு 40 டிகிரி வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். சோப்பு நீர், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், வெங்காயச் சருகு வேண்டாம். கலனைச் சுற்றி ஓரடிக்குச் சாணமும் இலையும் கலந்த எருக்குவியல் வைத்தால் அதன் சூடு உள்ளே இறங்கும். வெளியே பசுமைக்குடிலின் தாள் போடலாம், மேற்பக்கம் காற்றோட்டம் விட்டு. அப்படியும் உறைபனி நாட்களில் பாதி அளவுக்கு மேல் தாங்காது. மீதியை ஒரு மீட்டர் உயரக் குவியலாக மக்கச் செய்யுங்கள்.

கேள்வி (குன்னூர்): இ-பாஸ் போட்டு வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள். பதிலாக வண்டிகளுக்கான பசுமை வரியை உயர்த்தினால் போதாதா?

பதில்: மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல். 2025 கோடையில் நீலகிரிக்குத் தினம் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஐந்து பேர் காரில் வரும் குடும்பத்துக்கு வரி சில நூறு கூடினால் பயணம் நிற்காது, வரிதான் வசூலாகும். தண்ணீரும் சாலையும் குப்பைமேடும் அளவில் தீர்பவை. அளவில் தீர்வதற்கு அளவில்தான் வரம்பு. சாலையை அகலப்படுத்தினால் போதும் என்பாரும் உண்டு. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தால் மொத்தத்தில் எரியும் நிலக்கரி கூடத்தான் செய்யும் என்று பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865ல் சொன்னது இந்தச் சாலைக்கும் பொருந்தும்: அகலமானால் வண்டியும் கூடும். உங்கள் வியாபாரத்துக்குப் பார்க்க வேண்டியது, வரும் வண்டிகளில் எத்தனை இரவு தங்குகின்றன என்பதை.

கேள்வி (கோத்தகிரி): சரிவில் தங்கும் விடுதி கட்டுகிறேன். மழைநீர் உறிஞ்சுகுழி எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும்?

பதில்: சரிவில் வெட்டவே வேண்டாம். சமவெளிக்கு ஏற்ற வழி அது. இங்கே மண்ணுக்குள் இறக்கும் நீர் சரிவைக் கனமாக்கி, பிடிப்பைத் தளர்த்தும். 2009 நவம்பர் மண்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீரைத் தொட்டியில் சேமியுங்கள். 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் போனாலும் 96,000 லிட்டர். முதல் மழையில் 100 லிட்டரைத் தனிக் குழாயில் வெளியேற்றிவிட்டுப் பிறகு தொட்டிக்கு விடுங்கள், இலையும் பறவை எச்சமும் அதில் போய்விடும். தொட்டி நிறைந்து வழிவதைக் குழாயிலேயே ஓடை வரை கொண்டுபோக வேண்டும், பக்கத்துத் தேயிலைக்குள் திறந்துவிடக் கூடாது. தாங்குசுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வடிதுளை, துளைக்குப் பின்னால் ஜல்லி. கொத்தனார் சாந்து பூசும்போது அவற்றை அடைத்துவிடுவார், வேலை முடிந்த அன்றே கம்பி விட்டுப் பாருங்கள்.