கையளித்த மகஜர்கள் எங்கே போகின்றன?

“தலைவர்கள் சுடரேற்றுவதையும் மகஜர் வாங்குவதையும் கண்டால் வன்னியிலுள்ளவர்கள் ஏன் எரிச்சலடைகிறீர்கள்? அவர்கள் தேடி வருவதே பெரிய விடயமில்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்காகவும் நான் பேச முடியாது. முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்தில் பல ஆண்டுகளாகக் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளராக இருப்பவன் என்ற முறையில், மகஜர் என்னும் கோரிக்கை மனு எழுதுவதே என் வேலையாகிவிட்டதால், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிடுகிறது. அதற்கு மதகு இல்லை. மாரியில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கித்தான் போவார்கள். 2018 ஆம் ஆண்டு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் எங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தபோது இதைப் பற்றிய மகஜரைக் கையளித்தேன். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று படம் பிடித்தவர் சொன்னதால், வாசலுக்கு வந்து அதே மகஜரை இன்னொரு தடவை கையளித்தேன். அன்றிரவே படம் முகநூலில் வந்துவிட்டது. மறுநாள் மண்டபத்தைக் கூட்டப்போன மாதர் சங்கத் தலைவி, “தம்பி, இது நீங்கள் எழுதினதுதானே?” என்று கேட்டு ஒரு கடதாசியை நீட்டினார். அதன்மேல் யாரோ ரோல்ஸ் வைத்துச் சாப்பிட்டிருந்தார்கள். மதகின் நீள அகலம் எழுதிய இடத்தில் எண்ணெய் ஊறியிருந்தது.

மறந்துபோயிருக்கலாம் என்று எண்ணிப் பிரதியொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. பின்னர் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த உறுப்பினர் இந்த மதகுக்காகத் தம் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து (ஊர் வேலைகளுக்கென்று உறுப்பினர் பரிந்துரைக்கும் பணம்) ஏதாவது கோரியிருக்கிறாரா என்று உரிய அலுவலகத்திடம் கேட்டேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம், சொன்னார்கள். அப்படியொரு கோரிக்கை கிடைக்கவில்லை என்பதே பதில். திகதி முத்திரையுடன் வந்த அந்த ஒற்றை வரிதான் இந்த விடயத்தில் எனக்குக் கிடைத்த நேர்மையான ஒரே எழுத்து என்று இன்றும் நினைக்கிறேன்.

தனி மனிதர்களைத் திட்டுவதால் இது தீராது என்பதும் எனக்குத் தெரியும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்ததே வன்னித் தேர்தல் மாவட்டம்; விகிதாசார முறையில் தெரிவாகும் அதன் உறுப்பினர்களில் எவரும் எங்கள் பகுதியான ஒட்டுசுட்டானுக்கு மட்டும் உரியவரல்லர் என்பதால், எங்கள் மதகுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டலாம். வட மாகாண சபையோ 2013 இல் தெரிவாகி 2018 ஐப்பசியில் காலம் முடிந்தபின் பல ஆண்டுகளாகத் தேர்தலின்றியே கிடந்தது. கேள்வி கேட்கும் இடம் இப்படிக் குறையக் குறைய, படம் எடுக்கும் இடங்கள் மட்டும் கூடிக்கொண்டு போகின்றன.

மதகு சின்ன விடயம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரில் பலர் அதற்கு முன்னரே 2010 இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவிடமும் காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க 2013 இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவிடமும் பிள்ளையின் பெயரையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் சொல்லிவிட்டவர்கள். பின்னர் காணாமற்போனோர் அலுவலகமும் அதையேதான் கேட்டது. கொழும்பின் பக்கம் இப்படியென்றால், எங்கள் தலைவர்கள் பந்தலுக்கு வந்து, படத்தை ஏந்திய தாயின் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். வருவதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தாய் சொன்ன இடத்தையும் திகதியையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய், யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார்கள் என்று அதே பந்தலுக்குத் திரும்பி வந்து சொன்ன ஒருவரை நான் காணவில்லை. கிளிநொச்சி நகரில் அரசு எழுப்பிய, வெடித்த கொங்கிரீட் பாளத்தின்மேல் தாமரை பூத்த போர் வெற்றி நினைவுச் சின்னத்தைக் கண்டு முகம் சுளிக்கும் எங்களவர்கள், தாங்கள் செய்வதும் அதே வகைதான் என்று ஒருநாளாவது யோசித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நானும் வைகாசி 18 இல் முள்ளிவாய்க்காலுக்குப் போகிறவன்தான். கஞ்சி குடிக்கிறேன், சுடரேற்றுகிறேன், அழுகிறேன். அந்தச் சடங்கு எங்களுக்கு வேண்டும். மக்கள் பிரதிநிதிக்கு 19 ஆம் திகதி என்று ஒன்று இருக்கிறது. எனக்கிருக்கும் கேள்வி அதைப் பற்றியது.

இப்போது மகஜருடன் இன்னொரு தாளும் கொண்டு போகிறேன். “இதற்கான பதிலை இன்ன திகதியில் ஊருக்கு வந்து சொல்வேன்” என்ற ஒரு வரியும் கையெழுத்திட ஓர் இடமும் மட்டுமே அதில் உண்டு. பெரிய தலைவர்கள் இருவர் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். 2025 இல் தெரிவான ஒரு பிரதேச சபை உறுப்பினர், எங்கள் ஒழுங்கையால் நாளும் போய்வருகிறவர், கையெழுத்திட்டார். சொன்ன நாளுக்கு ஒரு கிழமை பிந்தி மோட்டார் சைக்கிளில் வந்து, சபையில் காசு இல்லை, அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க முயன்று பார்க்கிறேன் என்றார். தேநீர் கொடுத்து அனுப்பினோம். படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மதகு இன்னும் கட்டப்படவில்லை.